உப்புத் தண்ணீர் பாட்டில்

எனக்கு ஊசியென்றாலே ஆகாது. அதிலும் முதுகில் குத்தி நுரையீரல்வரை இறக்கி, சதையைக் கிள்ளி எடுக்கிற ஊசி யாருக்குத்தான் ஆகும்? "மூச்சைப் புடிங்க, அசையாதீங்க" என்று டாக்டரம்மா சொன்ன நேரம் பார்த்து இருமல் முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். அப்படியும் நெஞ்சுக்குள் காற்று கசிந்துவிட்டதென்று விலாவில் குழாய் சொருகினார்கள். உயிர் போய் உயிர் வந்தது.

மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கியும் இருமல் நிற்கவில்லை. ஒன்று இது புற்றுநோய், இல்லையென்றால் அந்த மாத்திரைக்கு மசியாத காசநோய். சதையைச் சோதித்தால்தான் தெரியுமாம்.

எடுத்த சதையை இரண்டு பாட்டிலில் போட்டு, நர்ஸ் லூர்துமேரி என் மனைவி சோபனாவிடம் கொடுத்தார். "இது புத்துநோய் பாக்கறதுக்கு. இது கிருமியை வளத்துப் பாக்கறதுக்கு. ரெண்டையும் சேலத்து லேபுல குடுத்துருங்க."

சோபனா இண்டூர் பால் சொசைட்டியில் சாம்பிள் எடுக்கிறவள். சோதனைக்குப் போகிற பால் வழியில் கெடாமலிருக்க, ஃபார்மலின் சொட்டு விட்டு அனுப்புவாள். சோதித்ததும் கொட்டிவிடுகிற பால் அது, யாரும் குடிப்பதில்லை. வருஷக்கணக்கில் செய்த வேலை, கை தானாகச் செய்யும்.

சாயங்காலம் சேலத்திலிருந்து திரும்பியவள் முகமெல்லாம் பெருமை. "நல்லவேளை நான் பாத்தனுங்க. ஒரு பாட்டில்ல மருந்தே ஊத்தல, வெறும் உப்புத் தண்ணி. மோந்தா வாசனையே இல்லை. இந்த வெயிலுக்குத் தொப்பூர் தாண்டறதுக்குள்ள அழுகிப்போயிருக்கும். இன்னொரு பாட்டில்ல இருந்து ஃபார்மலினைக் கொஞ்சம் அதுல ஊத்திட்டேன்."

"பாத்தியா, படிச்சவங்க லட்சணத்தை!" என்றேன். பக்கத்துக் கட்டில்காரரிடமும் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரியைத் திட்டினேன்.

முதல் பாட்டிலின் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. சோபனா வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வார்டையே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷமே டாக்டரம்மா லூர்துமேரியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு பாட்டில்ல ஃபார்மலின் நாத்தம் அடிக்குதுன்னு லேபுல வேண்டாம்னுட்டாங்க. யாரு ஊத்தினது?"

லூர்துமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. சோபனா எழுந்தாள்.

"நான்தானுங்க. கெட்டுப்போவக் கூடாதுன்னு ஊத்தினேன்."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "கிருமி உசுரோட இருந்தாத்தாம்மா அது எந்த மாத்திரைக்குச் சாவும்னு பாக்க முடியும். நீங்க அதைக் கொன்னுட்டீங்களே. திரும்பவும் ஊசி போட்டுத்தான் எடுக்கணும்."

திரும்பவுமா! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஏண்டி, என் நெஞ்சு என்ன உன்னோட பால் கேனா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ஒன்று சொன்னால் நாலு திருப்பிக் கொடுக்கிறவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மறுபடி ஊசி போடுகிற அன்றைக்குச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். "நான் அந்தப் பாட்டிலைத் தொட மாட்டனுங்க. உங்க அண்ணனை வரச் சொல்லுங்க."

"அவன் ஒண்ணும் வர வேணாம். நீ எடுத்துட்டுப் போறதா இருந்தாத்தான் நான் உள்ள போவேன்" என்றேன். சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதை அவளும் பார்த்தாள்.

ஊசி முடிந்து படுத்திருந்தேன். மூச்சு விட்டால் வலித்தது. லூர்துமேரி உப்புத் தண்ணீர் பாட்டிலை நீட்ட, சோபனா இரண்டு கையாலும் வாங்கினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், இதுல நான் ஒண்ணும் ஊத்த வேணாம்தானுங்களே?"

"ஒண்ணும் வேணாங்க. அப்படியே கொண்டுபோனாப் போதும்."

பிறகு என் கட்டிலருகே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இந்த வாட்டி உசுரோட கொண்டுபோய்ச் சேத்துர்றனுங்க" என்றாள்.

மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே பஸ்ஸுக்குப் போனாள்.