வெயிலில் காய்ந்த சோளம்

தீவன அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கோழிப்பண்ணைக்காரர், அவருடைய தங்கை, தங்கையின் புருஷனான தீவனம் கலக்கிறவன், கோழி டாக்டர். மேசைமேல், காலையில் செத்த கோழி ஒன்று வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தது.

டாக்டர் கத்தி முனையால் ஈரலைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிய மஞ்சளாக இருந்தது. தொட்டதும் பிய்ந்தது.

"தீவனத்துல பூஞ்சை விஷம்னு நினைக்கிறேன். எந்த மூட்டை?"

அது கலக்கிறவனுக்குத்தான் தெரியும். மழையில் நனைந்து பச்சை பூத்த நாற்பது மூட்டை மக்காச்சோளத்தை மூன்று நாள் வெயிலில் பரப்பி, துடைப்பத்தால் தேய்த்து, நாற்றம் போகிறவரை புரட்டியவன் அவன். ஒரு மணிகூட வீணாகவில்லை என்று அவன் மச்சானான பண்ணைக்காரர் அன்றைக்கு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நல்லா காயவெச்சேன் டாக்டர்."

"பூஞ்சை செத்திருக்கும். அது கக்கின விஷம் வெயிலுக்கும் அசையாது, அடுப்புக்கும் அசையாது."

அவன் மனைவி, ஈரல் வாங்கிப் போகக் கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஆறு மாதம். ரத்தம் குறைவு என்று அண்ணன் வாரத்தில் மூன்று நாள் பண்ணைக் கோழியின் ஈரல் கொடுப்பார். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சம் வைக்க விடமாட்டான்.

"இதைத் தின்னவங்களுக்கு?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "மனுஷனுக்கும் அது ஈரலைத்தான் தாக்கும்மா. ஆனா வருஷக்கணக்கா தின்னாத்தான் பெரிய ஆபத்து. இன்னையோட நிறுத்திடு. ஆஸ்பத்திரியில மறைக்காம சொல்லு."

சோதனைக்கு ஒரு பை சோளம் எடுத்துக்கொண்டார். மீதியில் ஒரு மணியும் கோழிக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் பண்ணைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மாப்ளே, நல்ல சோளம் ஒம்பது பங்கு, இது ஒரு பங்குன்னு கலந்துடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்கும்தான் தெரியலண்ணே," என்றாள் தங்கை. "ரெண்டு பேரும் போட்டி போட்டுல்ல ஊட்டுனீங்க."

"தெரிஞ்சா குடுத்தேன், பாப்பா?" அவர் மூட்டைகளைக் காட்டினார். "இதைக் கொட்டினா பண்ணையையே மூடணும்."

அவள் தூக்குச்சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனாள்.

கலக்கிறவன் கலவை மெஷினுக்கு வைத்திருந்த டீசல் கேனைத் தூக்கினான். மீதிச் சோளத்தை ஒவ்வொரு மூட்டையாகக் கிழித்து, இனி எந்தக் கோழிக்கும் ஆகாதபடி டீசலை ஊற்றினான்.

"டேய், பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"உங்களை நம்பாம இல்ல மச்சான். என்னைத்தான் நம்பல. நாளைக்கு நீங்க ஒரு தடவை கெஞ்சினா கலந்துடுவேன்."

மச்சான் அவன் கையைப் பிடிக்க வந்தார். பாதியில் நின்று, காலிக் கேனை வாங்கி ஓரமாக வைத்தார். "போ. அவளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

அவன் வெளியே வந்தான். பின்னால் கதவைச் சாத்தி, மச்சான் உள்ளிருந்தே பூட்டிக்கொண்டார். அவர் தனியாக அழுகிற சத்தம் கதவு வழியே கேட்டது.