தண்ணீரே படவில்லை

எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "தண்ணியே படல பாஸ்!" போனைத் திறந்தால் தே தாரிக் டீ வாசம் வரும். லேப்டாப்பைச் சாய்த்தால் கோலா ஒழுகும். இருந்தாலும் தண்ணீரே படவில்லையாம். நான் போட்டோ எடுத்து, 'திரவ சேதம், வாரண்ட்டி செல்லாது' என்று அடித்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

ஜொகூர் பாருவில், போன் முதல் மருத்துவ மெஷின் வரைக்கும் பார்க்கிற இந்த சர்வீஸ் சென்டரில் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் சொல்லிவிட்டார். "கஸ்டமர் கத்தினா கத்தட்டும் தீபன். தப்பு எங்க மேலதான்னு மட்டும் உன் வாயிலேர்ந்து வரக்கூடாது. வந்தா அன்னைக்கே பேக்க தூக்கிட்டுப் போயிடலாம்." இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. திட்டு வாங்கி வாங்கி எனக்கும் தோல் தடித்துப்போயிருந்தது.

சமந்தா வந்த அன்று திட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அவளுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண். அவள் அப்பா கிரகோரி, பாசிர் கூடாங்கில் இரசாயன ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தே நுரையீரலைத் தொலைத்த மனிதர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. மகள் வாங்கிக் கொடுத்த புது மெஷின் ஒரு வருஷம்கூட ஓடாமல் நின்றுவிட்டது.

திறந்து பார்த்தேன். பட்டன்களுக்குக் கீழே இருந்த போர்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. செம்புக் கம்பிகள் பச்சையாக அரித்திருந்தன. ஒரே நாளில் கொட்டிய தண்ணீர் இப்படிச் செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் உள்ளே இறங்கியிருக்கிறது.

"மிஸ்டர் தீபன், எங்கம்மா அந்த மெஷின் பக்கத்துல ஒரு கிளாஸ்கூட வைக்க மாட்டாங்க, தெரியுமா? கைக்குழந்தை மாதிரி பாத்துக்கிறாங்க. அவங்க பொய் சொல்றாங்கன்றீங்களா?"

"நான் யாரையும் சொல்லல மிஸ். காசு கட்டி ரிப்பேர் பண்ணிக்கிறதா சைன் போடுங்க. போர்டு ஸ்டாக்ல இருக்கு. நாளைக்கே எடுத்துட்டுப் போலாம்."

"காசு பெரிசில்ல. சைன் போட்டா நாங்க தண்ணி ஊத்தினோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. முடியாது! கே.எல்.-க்கு அப்பீல் பண்றேன்."

அப்பீல் என்றால் மெஷினுக்கு சீல் வைத்து கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வர வாரக்கணக்காகும். சொன்னேன். அதுவரைக்கும் வாடகை சிலிண்டர் இருக்கிறது என்று சொல்லி முறைத்துவிட்டுப் போனாள். என்ன வீம்பு பிடித்த பெண் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பீலுக்கு முன்னால் எங்களில் ஒருவர் கஸ்டமர் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஃபேக்டரி பஸ்களுக்கு நடுவில் வேனை ஓட்டிக்கொண்டு சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கூரை ஒழுகவில்லை. மெஷின் இருந்த மூலைக்குப் பக்கத்தில் குழாயும் இல்லை, ஜன்னலும் இல்லை. கிரகோரி அங்கிள் மூக்கில் டியூபோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் சிலிண்டர். அவர் மனைவி சூசன் ஆண்ட்டி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம் தம்பி, செபம் சொல்ற நேரம்" என்று எழுந்தார்.

அலமாரியிலிருந்து மாதா உருவத்தில் இருந்த பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். செபம் சொல்லி முடித்து, தீர்த்தத்தை உள்ளங்கையில் ஊற்றி, புருஷன் தலையிலும் நெஞ்சிலும் தெளித்தார். மறுபடியும் ஊற்றி, சிலிண்டர் மேல் தாராளமாக அடித்தார். ஒரு சொட்டு என் உதட்டில் தெறித்தது. உப்புக் கரித்தது.

"என்ன ஆண்ட்டி, உப்பா இருக்கு?"

"கோயில்ல மந்திரிச்ச உப்பு போட்டுத்தான் குடுப்பாங்க தம்பி. மெஷின் இருந்த வரைக்கும் தினமும் அதுக்கும் தெளிப்பேன். அதுதானே அவருக்கு மூச்சு குடுக்குது?"

அடப்பாவமே! நான் பதமாகச் சொல்லியிருக்கலாம். என் வாய்தான் கவுண்டர் வாயாயிற்றே. "அதாலதான் ஆண்ட்டி மெஷினே போச்சு" என்றேன்.

அவர் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாதாவே... நானா? நானா கெடுத்தேன்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கிரகோரி அங்கிள் கையை ஆட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "சமந்தாகிட்ட... சொல்லாதீங்க தம்பி. அவ கோவக்காரி. நான் போன பிறகு... இவங்க ரெண்டு பேர்தான்... ஒருத்தருக்கு ஒருத்தர். சொல்ல மாட்டேன்னு... சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். கிளம்பும்போது ஆண்ட்டியைக் கதவோரம் கூப்பிட்டு, "எதையாச்சும் சொல்லி நாளைக்கே காசு கட்டச் சொல்லுங்க. சிலிண்டர நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது" என்றேன். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொல்லத்தான் சொல்லியிருக்கிறார். மறுநாள் கவுண்டர் திறந்ததும் சமந்தா வந்து நின்றாள். "வீட்டுக்குப் போய் எங்கம்மாவ என்ன சொல்லி மிரட்டினீங்க? காசு கட்டிடு, காசு கட்டிடுன்னு ராத்திரி பூரா ஒரே அழுகை. ஏன்னு கேட்டா பதில் இல்ல. வயசானவங்கள பயமுறுத்தி சைன் வாங்கலாம்னு பாக்குறீங்களா? அப்பீல் ஃபாரத்த எடுங்க!"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதர் மூச்சுத் திணறியபடி என்னிடம் வாங்கிய வார்த்தை குறுக்கே நின்றது. ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் கையெழுத்துப் போட்டாள். மெஷின் கே.எல். போனது.

அங்கே என் போட்டோவைப் பார்த்தார்களோ, அவள் அனுப்பிய ஈமெயில்களைப் பார்த்தார்களோ, தெரியாது. சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, ஆனாலும் நல்லெண்ணத்தில் புது மெஷின் கொடுக்கிறோம் என்று பதில் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டெலிவரி பையனுக்காகக் காத்திருக்காமல் நானே பெட்டியை வேனில் ஏற்றினேன். மூன்று மாடியும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

வாசல் முழுக்கச் செருப்புகள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா நடையிலேயே என்னை நிறுத்திச் சொன்னார். முந்தின நாள் மத்தியானம் சிலிண்டர் காலியாகிவிட்டது. வீட்டில் இருந்தது சூசன் ஆண்ட்டி மட்டும். புது சிலிண்டரின் திருகு எத்தனை திருகியும் அவர் கைக்கு அசையவில்லை. கத்திக் கூப்பிட்டு ஆள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் பெட்டியோடு திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் சமந்தா பார்த்துவிட்டாள்.

"இப்ப கொண்டு வந்திருக்கீங்களா?" கருப்பு உடையில் வாசலுக்கு வந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. "புது மெஷின் குடுக்கிறீங்கன்னா தப்பு உங்க மேலதானே? அன்னைக்கு எங்கம்மாவ பொய்க்காரி ஆக்கினீங்கல்ல? சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க." அவள் கையில் இருந்த போன் என் முகத்துக்கு நேராக உயர்ந்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே சவப்பெட்டிக்குள் கிரகோரி அங்கிள் டியூப் இல்லாமல் படுத்திருந்தார். தலைமாட்டில் மெழுகுவர்த்திகள், பக்கத்தில் அந்த மாதா போத்தல். சூசன் ஆண்ட்டி செபமாலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது வெறும் பயம்.

எனக்கு வேலை வேண்டும். ஆனாலும் சொன்னேன். "ஆமா மிஸ். தப்பு எங்க மேலதான். மெஷின்லயே கோளாறு. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

சமந்தாவின் கையிலிருந்த போன் தானாகக் கீழே இறங்கியது. உள்ளே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "கேட்டீங்களாம்மா? அவரே சொல்லிட்டாரு. நான் அன்னைக்கே சொன்னேன்ல, தண்ணியே படலன்னு?"

ஆண்ட்டி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாம்மா," என்றார். "தண்ணியே படல."

மெஷின் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு என் செருப்பைத் தேடினேன்.