பரஃப் சேட்டின் மகள்

அந்தமானில், கராச்சர்மாவில் முருகானந்தத்தை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பரஃப் சேட் என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ், அந்த ஊர் இந்தியில் பரஃப், செய்து விற்பவர். சுனாமியில் போன ஐஸ் ஃபேக்டரியை மறுபடி எழுப்பியதிலிருந்து, உலகத்தில் குளிர் என்பதே தன்னைக் கேட்டுத்தான் அடிக்கிறது என்று நம்பி வந்தார்.

மகள் திவ்யா, பத்தாம் வகுப்பு, ஓட்டக்காரி. அந்த வருஷம் அவளுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்து சோறு தின்னும்போதுகூட சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கும். சுவிட்ச் அணைத்த மாதிரி நிற்கும். ஒருநாள் மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டம் கிடையாது என்றார் பி.டி. சார். அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் மெயின்லேண்ட் கிளம்பினார்கள்.

சென்னையில் டாக்டரம்மா விளக்கினார். இதயத்துக்குள் மின்சாரம் போகும் பாதையில் உபரியாக ஒரு குறுக்குவழி. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்த இடத்தை மட்டும் உறையவைத்துவிடலாம்.

"சூடு வெச்சும் செய்யலாம். ஆனா மெயின் வழி பக்கத்துலயே இருக்கு. தவறிப் பட்டா இந்த வயசுலயே பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம்."

முருகானந்தம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். துறை நிபுணரிடமல்லவா பேசுகிறார்கள்.

"டாக்டர், நான் இருபது வருஷமா ஐஸ்ல இருக்கேன். ஐஸுக்குள்ள போனது எதுவும் உயிரோட திரும்பினதில்ல. சூடே வைங்க."

"ஏங்க, இங்கயும் வியாபாரமா?" என்றாள் மனைவி வசந்தகுமாரி.

"அனுபவம் பேசுது வசந்தா."

"அப்பா," என்றாள் திவ்யா, "நம்ம ஐஸ்ல போடுறப்பவே மீன் செத்துத்தானே இருக்கு?"

இருபது வருஷ அனுபவம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தார். "முதல்ல லேசாத்தான் குளிர வைப்போம். அந்த இடம் மயங்கும், சாகாது. தப்பான இடம்னா விட்டுடுவோம், முழிச்சிக்கும். சரியான இடம்னாதான் முழுசா உறைய வைப்போம். சிலருக்கு மறுபடி வரும், அப்ப திரும்பச் செய்யணும். அதையும் சொல்லிடறேன்."

முருகானந்தம் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது. ஏசி குளிர் என்றார்.

மறுநாள் சிகிச்சை முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். "முதல்ல தொட்ட இடம் மெயின் வழிக்கு ரொம்பப் பக்கம். துடிப்பு தடுமாறிச்சு. உடனே விட்டுட்டோம். அப்புறம் கொஞ்சம் தள்ளி வெச்சோம், சரியா விழுந்துச்சு."

"மயங்கினது... முழிச்சிக்கிச்சா?"

"முழிச்சிக்கிச்சு."

பரஃப் சேட் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வராந்தாவில் ஏசி இல்லை.

டாக்டர் அனுமதித்த பிறகு, போர்ட் பிளேரில் பள்ளிகளுக்கான ஓட்டப்பந்தயம். 'முதலிடம் பெற்ற தங்க மங்கையே' என்று பேனர் அடித்து, ஓரத்தில் தன் படத்தையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார் முருகானந்தம். மகள் நாலாவதாக வந்தாள். பேனர் சுருட்டிய நிலையிலேயே கக்கத்தில் இருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவளிடம் ஓடினார். "பாப்பா, அடிக்குதா?"

"ஓடினா அடிக்கும்பா. எல்லாருக்கும் அடிக்கும்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். தடதடவென்று இருந்தது. விடவில்லை. சுவிட்ச் மாதிரி சட்டென்று நிற்காமல், அணைத்த ஃபேன் சுற்றி ஓய்வதுபோல் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டு வந்தது.

ஃபெரார்கஞ்சிலிருந்து வந்திருந்த முத்துராஜ், ஐஸ் வாங்கும் வாடிக்கையாளர், தோளைத் தட்டினார். "க்யா சேட், நாலாவதுதானா?"

"இருய்யா," என்றார் பரஃப் சேட், கையை எடுக்காமல். "இறங்குது."