முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

கம்பி மில் கேட்டுக்கு எதிரே பழைய இரும்பு ஏற்றி வந்த லாரிகள் வரிசை கட்டி நின்றன. முதல் லாரியின் நிழலில் ஞானம்மா ஒண்டிக்கொண்டிருந்தாள். அந்த லாரி உள்ளே போனால் அடுத்ததன் நிழலுக்கு நகர வேண்டும். கோடை முழுக்க அவளுக்கு இதே பிழைப்புதான். சிப்காட் சாலையில் பறந்த கரித்தூள் முகத்தில் படிந்து, வியர்வையோடு கோடு கோடாக இறங்கியது. முந்தானையால் துடைத்தால் முந்தானைதான் கருத்தது.

ஒருவழியாக மோகன்ராஜின் கார் வெளியே வந்தது. மில்லில் ஆள் எடுப்பது, நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. ஞானம்மா ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி பாதி இறங்கியது.

"இன்னிக்கும் வந்துட்டியாம்மா? திங்கக்கிழமை வா. மேல பேசிட்டேன். நம்பிக்கையோட இரு."

"போன திங்கக்கெழமையும் இதத்தான் சார் சொன்னீங்க."

"இந்தத் தடவை கண்டிப்பா" என்றார். கண்ணாடி ஏறிவிட்டது.

அவள் புருஷன் பாக்கியராஜ் அந்த மில்லில்தான் பழுக்கக் காய்ந்த கம்பிகளை இடுக்கியால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். காண்ட்ராக்ட் ஆளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எதற்கு என்று யாரும் மாட்டிவிடவில்லை. கம்பியிலிருந்து தெறித்த இரும்புச் செதில் இடது கண்ணில் பாய்ந்தது, கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடு கம்பி பிடிக்க முடியுமா? அதனால் கேட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து சொன்னார் மோகன்ராஜ். பழைய வாட்ச்மேன் ஊருக்குப் போய்விட்டார், அந்த இடமும் காலியாகத்தான் கிடந்தது. திங்கட்கிழமைகள் மட்டும் வந்து வந்து போயின.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ரகு அவளைப் பிடித்துக்கொண்டான். பாக்கியராஜோடு ஒரே வரிசையில் கம்பி இழுத்தவன் அவன்.

"அண்ணி, இவுங்க இப்டியே இஸ்துக்கினு போவாங்க. திங்கக்கெழம காலைல ஷிப்டு ஆளுங்க யாரும் உள்ள போவ மாட்டோம். உன்னோட கேட்டாண்ட நிக்கிறோம். அண்ணனுக்கு வேலைன்னு சொன்னாதான் கார்டு பன்ச் பண்ணுவோம்."

"உங்க வேலைக்கு எதுனா வந்துடப் போவுதுப்பா."

"எல்லாரையும் ஒரே நாள்ல தொரத்திட்டு கம்பிய யாரு இழுப்பா, மோகன்ராஜா?" என்று ரகு சிரித்தான். ஞானம்மாவுக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரை போட்ட காலனி சபை நிரம்பி வழிந்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே, வந்துவிட்டதாகச் சொல்லி நன்றி செலுத்த வேண்டும். விசுவாசச் சாட்சி என்பார்கள். 'கொடுப்பார்' என்று சொன்னால் பாதி சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், 'கொடுத்துவிட்டார்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். சர்க்கரை வியாதி போய்விட்டது என்று சாட்சி சொன்ன ஒரு அம்மா வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொள்வாள். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. சபைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

"கெடச்சப்புறம் தேங்க்ஸ் சொல்றதுல இன்னா இருக்கு? ஊருல எல்லாரும் அதத்தான் பண்றான்" என்று பாஸ்டர் தொண்டை கட்டக் கட்டக் கத்தினார். "கையில ஒண்ணுமே இல்லாதப்போ ஸ்தோத்திரம் சொல்றான் பாரு, அவன்கிட்டதான் நம்பிக்கை இருக்கு! யாரு எழுந்திரிக்கப் போறீங்க?"

ஞானம்மா எழுந்துவிட்டாள். கால் தானாக எழுந்தது போலிருந்தது.

"என் ஊட்டுக்காரருக்கு கர்த்தர் மில்லுல வேலை குடுத்துட்டாரு. ஸ்தோத்திரம்!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லேபர் காண்ட்ராக்டர் அன்புராஜ் எல்லோருக்கும் மேலாகக் குரல் எடுத்து ஆமென் சொன்னார். மில்லுக்கு ஆள் அனுப்புவதே அவர்தான், சபையை நடத்தும் மூப்பர்களிலும் அவர் ஒருவர். ரகுவின் பெண்டாட்டி ஏஞ்சலினும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினாள். கல்யாணமான பிறகு அவள் அந்தச் சபைக்கு வந்தது அதுதான் இரண்டாவது வாரம். ஞானம்மாவின் நெஞ்சிலிருந்து பாறையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அப்பாடா, கொடுத்துவிட்டார்! வீடு வரைக்கும் பாடிக்கொண்டே நடந்தாள்.

பாக்கியராஜுக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை.

"இன்னாமே, கெடைக்காத வேலைக்கு ஸ்தோத்திரமா? நம்பிக்கை வேற, பொய்யி வேற."

"பொய்யின்னு சொல்லாதய்யா. கண்ணுல பாத்தப்புறம் நம்புறதுக்கு ஆண்டவரு எதுக்கு?"

"கண்ண பத்தி எங்கிட்டயா பேசுற?" என்றான். பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி வுடு. நாளைக்குப் பசங்க நிக்கிறானுங்க இல்ல? எனக்கு அதுல நம்பிக்கை இருக்குது. நானும் வர்றேன்."

"வாணாம், கண்ணுல தூசு பூந்துடும். நான் போய்க்கினு வர்றேன்" என்றாள் ஞானம்மா.

திங்கட்கிழமை கேட்டுக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. ஆட்கள் வரும் வண்டி லேட்டோ என்று நினைத்தாள். ஷிப்டு சங்கு ஊதி ஓய்ந்த பிறகுதான் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு ரகு தெரிந்தான்.

"ரகு! இன்னாப்பா உள்ள போய்ட்ட?"

ரகு முகமெல்லாம் சிரிப்பாகக் கதவருகே வந்தான். "வாழ்த்துக்கள் அண்ணி! ஏஞ்சலின் சொல்லிச்சி. அண்ணனுக்கு வேலை கெடச்சிடுச்சாமே! நேத்தே எல்லாருக்கும் போன் போட்டு சொல்ட்டேன். இனிமே எதுக்கு வம்புன்னு எல்லாம் பன்ச் பண்ணிட்டாங்க."

"ஐயோ! கெடைக்கலப்பா. அது விசுவாசத்துல சொன்னது."

"விசுவாசத்துலன்னா?"

அதை எப்படிச் சொல்வது? பாஸ்டர் சொன்னபோது அவ்வளவு பொருந்தி வந்த பேச்சு, இந்தக் கதவுக் கம்பிக்கு முன்னால் வாய்க்கே வரவில்லை. "கெடைக்கும்னு நம்பி, கெடச்ச மாதிரி சொன்னேன்" என்றாள். ரகுவின் முகம் செத்துப்போயிற்று.

"இன்னா அண்ணி நீ! ஒரு வார்த்தை சொல்ல வாணாமா? இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள வுட மாட்டான்" என்று திரும்பிப் பார்த்தான். சூப்பர்வைசர் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். ரகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மோகன்ராஜ் ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். கூடவே அன்புராஜும் வந்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சாச்சுன்னு சர்ச்சுல நீயே சொன்னியாமே? அன்புராஜ் சொன்னார். வேற எங்கயோ சேர்ந்துட்டார்னு நினைச்சு அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

"நான் இந்த மில்லுன்னுதான சார் சொன்னேன்! அது வேண்டுதலு சார். குடுப்பாருன்னு நம்பி சொன்னது."

"அதெல்லாம் எனக்கு என்னம்மா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது, சரி. அண்ணனுக்குத் தெரியும்" என்று ஞானம்மா அன்புராஜின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க அங்கதான இருந்தீங்க? ஆமென் சொன்னீங்களே! விசுவாசச் சாட்சி இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா? சார்கிட்ட சொல்லுங்கண்ணே."

அன்புராஜ் சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரிசெய்தார். "ஆண்டவர் இதவிடப் பெருசா ஒண்ணு வச்சிருப்பாரும்மா. நம்பிக்கைய வுட்றாத" என்றார்.

ஞானம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "நம்பிக்கையப் பத்தி நீ பேசாத!" என்று கத்தினாள். மூப்பரை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "நான் ஆண்டவர நம்பி சொன்ன வார்த்தைய எடுத்தாந்து என் வாயிலயே மண்ணா போட்டுட்டியே, பாவி! நான் அவர வுட மாட்டேன். இந்தக் கேட்டையும் வுட மாட்டேன். நாளைக்கும் வருவேன்."

இருவரும் திரும்பி நடந்தார்கள். ஞானம்மா மேலே வானத்தைப் பார்த்தாள். "குடுத்துட்டீருன்னு ஊரறிய சொன்னனே" என்றாள். "இப்ப எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது, சொல்லும்." அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

பின்னால் ஹாரன் விடாமல் அலறியது. காவல் அறையிலிருந்து ஒரு ஆள் அரக்கப்பரக்க ஓடிவந்தான். காக்கிச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டு, வாயிலிருந்த விசிலை எடுத்தான்.

"யக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுக்கா" என்று கெஞ்சினான். "வண்டி உள்ள வரணும். மொத நாளே எனக்குத் திட்டு வாங்கிக் குடுத்துடாத."

லாரி கிளப்பிய புழுதிக்கு இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, அவளை ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே நின்றான்.