கடலுக்கு ஒரு கேள்வி

அந்த மத்தியதரைக் கரையில், கடலைப் பற்றி யாரிடமாவது சொன்னால்தான் அதில் தண்ணீர் இருக்கும். சொல்வது மட்டும் போதாது. கேட்பவர் பதிலுக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பாறைக்குக் கீழே அடிவானம் வரைக்கும் வெறும் பள்ளம்தான். நடைச் சுற்றுலாவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் வழிக்குறிப்பின் மூன்றாம் பக்கத்தில், நல்ல செருப்பு கொண்டுவரவும் என்பதற்கு அடுத்த வரியில் இது இருந்தது. அம்பலவாணன் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஏழு நாள் நடை. பயணப் பெட்டி ஒரு வண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆள் மட்டும் பாறைகளில் பூசியிருக்கும் சிவப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியது. பைன் மரங்களும் எலுமிச்சைத் தோட்டங்களும் எல்லோருக்கும் பொது. கடல்தான் தனித்தனி. முதல் நாள், ஒரு வளைவில், ஜெர்மன் தம்பதி ஒன்று பாறை விளிம்பில் உட்கார்ந்து மாறி மாறிப் பேசியபடி காலை நனைத்துக்கொண்டிருந்தது. அம்பலவாணன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இருவரும் பள்ளத்தின் மேல் காலாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் கணுக்காலிலிருந்து மட்டும் ஈரம் சொட்டியது. அவர் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார்.

ஆறு நாள் பள்ளத்தை ஒட்டியே நடந்ததில் பழகிவிட்டது. மனைவி போன இந்த நான்கு வருஷத்தில் அவருக்குப் பழகாதது என்று என்ன இருக்கிறது. சிக்கல் ஏழாம் நாள்தான். பாதை ஒரு முனையில் முடிந்துவிடும். அங்கிருந்து ரயிலடிக்குப் போகப் படகை விட்டால் வழியில்லை. படகுக்குத் தண்ணீர் வேண்டும்.

"போன வருஷம் வந்தவர் ஒருவர் இன்னும் முனையில்தான் இருக்கிறார்," என்றாள் விடுதிக்காரி ஜினெவ்ரா, காப்பியை வைத்துவிட்டு. "தக்காளி போட்டிருக்கிறார். நல்ல மனிதர். உங்களுக்கு யாரும் இல்லையா?"

"அக்கா இருக்கிறாள். கோவில்பட்டியில்."

"அப்புறம் என்ன?"

அதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா ஆவுடையம்மாளும் அவரும் ஞாயிறு தவறாமல் பேசுகிறவர்கள்தான். ஆனால் எஸ்.டி.டி. பூத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நிற்க, மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகிய குடும்பம். சாப்பிட்டியா, மழை உண்டா, வச்சிரட்டா. பூத்தெல்லாம் ஒழிந்த பிறகும் அந்த ஒரு நிமிஷம் நீளவில்லை. மனைவி இறந்த சேதியைக்கூட அவர் அதற்குள் அடக்கித்தான் சொன்னார்.

வழிக்குறிப்பின் அடிக்குறிப்போ தெளிவாக இருந்தது: சாப்பாடு, மழை, வைத்துவிடட்டுமா ஆகிய மூன்றும் கேள்வியாகக் கருதப்படமாட்டா. தமிழர்கள் நிறையப் பேர் வந்துபோயிருக்க வேண்டும்.

முனையில் தக்காளிக்காரர் செடிகளுக்குக் கொம்பு கட்டிக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்தில் படகு ஒருச்சாய்ந்து கிடக்க, படகோட்டி அதில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அம்பலவாணன் அக்காவைப் போனில் கூப்பிட்டார்.

"யாரு, தம்பியா? சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"அங்க மழை உண்டா?"

"இல்லக்கா."

"சரி, வச்சிரட்டா?"

"வைக்காதக்கா."

எதிர்முனையில் டி.வி. சத்தம் குறைந்தது.

"கடல் பாக்க வந்தேன்க்கா. கடல் இல்ல. பள்ளமாக் கெடக்கு. சேறுகூட இல்ல, காஞ்சு வெடிச்சிருக்கு. ஏழு நாளா அது ஓரத்துலயே நடக்கேன். காலு வீங்கிப்போச்சு. எலுமிச்சை நல்லாத்தான் காய்ச்சிருக்கு. இந்தா பாருன்னு சொல்ல ஆளில்ல."

ஒரு நிமிஷம் தாண்டியது. இரண்டாயிற்று.

"கூறுகெட்ட பயலே," என்றாள்.

அது கேள்வியில்லை. படகோட்டி இன்னொரு துண்டு பிய்த்துக்கொண்டான்.

"அவ போனதுலருந்து நீ எப்படிடா தூங்குத?"

தண்ணீர் அடியிலிருந்து வந்தது, அவசரமில்லாமல், அண்டாவில் நிறைவதுபோல. நல்ல நீலம். படகு நிமிர்ந்தது. தக்காளிக்காரர் எழுந்து வந்து எட்டிப்பார்த்தார். அவருக்குப் பள்ளம் அப்படியேதான் இருந்தது. திரும்பிப் போய் அடுத்த கொம்பை எடுத்தார்.

"படகு வந்துட்டுக்கா. ஏறணும்."

"பதிலச் சொல்லிட்டு ஏறுடா."

"போய்ச் சேந்து சொல்லுதேன்."

படகோட்டி அவரிடம் மிதவைச் சட்டை ஒன்றைக் கொடுத்தான். பிறகு பலகைக்கு அடியில் தேடி, சின்னதாக இன்னொன்றை எடுத்து நீட்டினான்.

"இது கேள்விக்கு. பதில் சொல்லாமல் ஏறினால் அதுவும் கூடவே வரும். விளிம்பில் விடாதீர்கள், குதிக்கப் பார்க்கும்."

அம்பலவாணன் நகர்ந்து இடம் விட்டார். கேள்வி உட்கார்ந்தது. அதற்கு இடுப்பு வார் தொளதொளவென்று இருந்தது. குனிந்து இரண்டு துளை தள்ளி இறுக்கிவிட்டார். முனை கண்ணுக்கு மறைவதற்குள் அது அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனது. வெயில் அதன் முகத்தில் அடித்தது. அவர் தொப்பியைக் கழற்றி, கரை சேரும்வரை கை மாற்றாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.