கரும்பச்சைக்கு ஒரு சொட்டுப் பால்

பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் பூசிய பெயின்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி, "என்ன கலரா வந்திருக்கு?" என்று கேட்டார் அவள் கணவர். கேட்டது அவளை அல்ல. மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த டிராயிங் டீச்சரை.

டீக் கோப்பைகளோடு அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"பச்சைதான் சார். ஆனா பழுப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்குது" என்றாள் டீச்சர்.

"எனக்குத்தான் அது ரெண்டும் ஒண்ணாச்சே!" என்று அவர் சிரித்தார். டீச்சரும் சிரித்தாள். பிறகு திரும்பிப் பார்த்து, "அடடா, அக்கா, சொல்லியிருந்தா நான் வந்து எடுத்துட்டிருப்பேனே" என்றாள். இவளைவிட டீச்சருக்கு ஒரு வயதாவது கூடத்தான் இருக்கும். ஆனாலும் அக்கா.

கோப்பைகளை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லிவிட்டார். டீச்சரிடமும் சொல்லிவிட்டார்.

அவர் வாலிபத்தில் ரயில் எஞ்சின் டிரைவராக ஆசைப்பட்டவர். எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனைக்குப் போனார். புள்ளி புள்ளியாக நிறங்கள் இறைத்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். எந்தப் பக்கத்திலும் எந்த எண்ணும் இல்லை அவருக்கு. பச்சையும் பழுப்பும் சிவப்பும் நனைந்த மண்ணாகத் தெரிந்தன. மார்க் போதவில்லை என்று பெற்றவளிடம்கூடப் பொய் சொன்னார். மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, ஓட்ட முடியாத எஞ்சின்களைக் கையளவில் செய்ய ஆரம்பித்தார். டீசல் எஞ்சின் மட்டும். "நீராவின்னா ஊரே வாயைப் பிளக்கும். டீசலுக்குத்தான் நாதியில்ல" என்பார்.

கல்யாணமான முதல் வாரத்தில் அவளிடம் மட்டும் கண்ணைப் பற்றிச் சொன்னார். புகுந்த வீட்டில் கிடைத்தவற்றில் அவளுக்கு மட்டுமே என்று இருந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து, "என்ன கலரா இருக்கு?" என்ற கேள்வி அவளுடையது. சட்டைத் துணிக்கும், பழக்கடையில் பழத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக எஞ்சினுக்கும்.

சைக்கிள் கடை மாடியில் கூடும் மாடல் ரயில்காரர்கள் சங்கத்தில், யார் பேசினாலும் கை காட்டி நிறுத்துவதால் 'சிக்னல்' என்று பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார். அவரே ஒருமுறை, "கலர்னா இவர்தான்யா. கண்ணா அது, தராசு!" என்று சொல்லியிருந்தார். கணவர் வந்து சொன்னபோது, அந்தப் பாராட்டை அவள் அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து நிறம் கலந்த முதல் எஞ்சின் நாசமாய்ப் போனது. நிஜ எஞ்சினின் தகட்டோடு ஒட்டவைத்துப் பார்த்து அச்சு அசலாகக் கலந்து அடித்தார்கள். காய்ந்ததும் பார்த்தால் மேசைமேல் கறுப்பாக ஏதோ நின்றது. "கரப்பான்பூச்சிக்குச் சக்கரம் கட்டியிருக்கீங்க" என்றாள். அதன் பிறகு அவள்தான் யோசித்துக் கண்டுபிடித்தாள். நிஜ எஞ்சினை நாம் தள்ளி நின்று பார்க்கிறோம். நடுவில் இருக்கும் காற்றும் தூசியும் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கின்றன. கைக்குள் அடங்குகிற எஞ்சினுக்கு அந்த வெளுப்பை நாம்தான் சேர்க்க வேண்டும். அதனால் நிறம் சரியாக வந்த பிறகு, கடைசியில் வெள்ளைப் பெயின்ட்டில் சில சொட்டுகள். அந்த வீட்டில் அதற்குப் 'பால் விடுவது' என்று பேர். எவ்வளவு பால் என்பது ஒவ்வொரு நிறத்துக்கும் மாறும். அது அவள் கைக்கு மட்டும் தெரியும்.

டிராயிங் டீச்சர் சங்கத்துக்கு வந்தது, வரப்போகும் கண்காட்சிக்குப் பின்னணியாக மலையும் வானமும் வரைய. வந்தவள் மலையோடு நிற்கவில்லை. இந்த முறை அவர் செய்யும் எஞ்சின், சில வருடங்கள் மட்டும் கரும்பச்சையில் ஓடி, பிறகு சிவப்புக்கு மாறிய வகை. அந்தப் பச்சையை நேரில் பார்த்த பழைய டிரைவர்கள் கண்காட்சிக்கு வருவார்கள். பழைய இரும்புக் கிடங்கிலிருந்து அவர் கொண்டுவந்த எஞ்சின் கதவுத் தகட்டைக் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்து, சிவப்புக்கு அடியிலிருந்து வெயில் படாத பச்சையை வெளியே எடுத்தவள் டீச்சர். "அவங்க கையே கையி" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு தடவை சொன்னார்.

டீச்சர் போன பிறகு அவள் பாத்திரம் துலக்கினாள். கல்லூரியிலிருந்து வந்த மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அந்தக் கப்பை அப்படித் தேய்க்காத. பூ டிசைன் போயிடும்."

"போனா போகட்டும்."

"டீச்சர் குடிச்ச கப்பா?"

"வாயை மூடுடி."

"உனக்குப் பொறாமைம்மா. அவங்க நல்லவங்கதான்."

"கெட்டவங்கன்னு நான் எப்ப சொன்னேன்?"

அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். உலகத்துக்குத் தெரிந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் அழவும் சண்டை போடவும் வார்த்தைகள் தயாராக இருந்தன. என் புருஷன் இன்னொருத்தியிடம் கலர் கேட்கிறார் என்று யாரிடம் போய் அழுவது? கேட்பவர்கள் சிரித்துவிட்டு, வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டியா என்பார்கள்.

அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டாள்.

"அவங்ககிட்ட ஏன் சொன்னீங்க?"

"என்னத்தை?"

"கண்ணைப் பத்தி."

"தப்புத் தப்பா பாட்டிலை எடுத்துக் குடுத்தா கண்டுபிடிக்க மாட்டாங்களா? அவங்க பொழப்பே கலர்தானே. கேட்டாங்க, சொன்னேன்."

"எங்கிட்ட சொல்ல எப்படி முழிச்சீங்க."

"அப்ப பயம். எங்க நீ விட்டுட்டுப் போயிடுவியோன்னு." சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். அவளோ இதையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். என்னிடம் பயந்து பயந்து சொன்னதை அவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பயந்து தந்தது உயர்வா, சிரித்துத் தந்தது உயர்வா? துணி மடிக்கும்போதும் அரிசி களையும்போதும் அதையே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஒரு சின்னக் குப்பியையும் ஸ்பூனையும் கொண்டுவந்தார். "டீச்சர் கலந்து முடிச்சிட்டாங்க. நீ பாத்து சொல்லு, அடிச்சிடலாம்."

அவள் ஸ்பூனைத் தகட்டின் மேல் வைத்தாள். ஏதாவது குறை இருக்க வேண்டும் என்று மனசு ஏங்கியது. இல்லை. ஸ்பூன் எங்கே முடிந்து தகடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பச்சைக்குள் அந்தத் துளிப் பழுப்பை அவளால் ஒருநாளும் பிடித்திருக்க முடியாது. ஆனால் பால் இல்லை. இதை இப்படியே அடித்தால் எஞ்சின் கரப்பான்பூச்சிதான். கண்காட்சியில் பழைய டிரைவர்கள் குனிந்து பார்ப்பார்கள். என்னய்யா இவ்வளவு கறுப்பு என்பார்கள். யார் கலந்தது என்று அவருக்குத் தெரியும். அவள் எதுவும் செய்ய வேண்டாம்; ஒரே ஒரு வார்த்தை போதும்.

"சரியா இருக்கு. அடிங்க."

"பால்?"

"இந்தக் கலருக்கு வேணாம்."

அவர் நகரவில்லை. அலமாரியிலிருந்து பழைய எஞ்சின் ஒன்றை எடுத்து ஸ்பூனுக்குப் பக்கத்தில் வைத்தார். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குப் பச்சை தெரியாது, சிவப்பு தெரியாது" என்றார். "ஆனா இருட்டு தெரியும். என்னை மாதிரி ஆளுக்கு மிச்சம் இருக்கிறதே அதுதான். இது இருட்டா இருக்கு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"தகட்டுல இருக்கிற மாதிரியே கலந்து குடுங்க, மிச்சத்தை வீட்டுல பாத்துக்குவாங்கன்னு சொல்லித்தான் அவங்ககிட்ட வாங்கிட்டு வந்தேன். பால்னு ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது."

அவர் கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். குரல் தணிந்தே இருந்தது. தனக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த இடத்திலேயே நின்றுகொண்டு, அந்த இடம் இல்லை என்று அவள் இத்தனை நாள் புழுங்கியிருக்கிறாள்.

"அவங்க மேல கோவமா?"

"கோவமில்ல."

"பின்ன?"

பொறாமை. மகள் போகிற போக்கில் விளையாட்டாகச் சொன்ன சொல். அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். வரிசையாக எஞ்சின்கள். "இதெல்லாம்?" என்றார்.

"எதெல்லாம்?"

"எல்லாத்துக்கும் நீதானே சரின்னு சொன்ன."

"ஐயோ, எல்லாம் சரிதாங்க. சத்தியமா. இது ஒண்ணுலதான்..."

"ம்" என்றார்.

அவள் வெள்ளைப் பெயின்ட்டைத் திறந்தாள். சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கி, புது ஸ்பூனில் பூசி, காயும்வரை காத்திருந்து, ஜன்னலில் பிடித்தாள். அந்தப் பச்சை தள்ளி நின்றது, ஒரு தண்டவாளத்துக்கு அப்பால் நிற்பதுபோல். டீச்சரின் நிறத்தில் தன் பால். இருவரில் ஒருத்தியால் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அது இன்னும் வலித்தது.

"இப்ப சரி" என்றாள்.

அவர் ஸ்பூனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். செல்போனை எடுத்தார். "போட்டோவுல கலர் மாறிடும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு அதைக் கீழே வைத்தார். ஸ்பூனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு செருப்பை மாட்டினார். டீச்சர் வீடு அடுத்த தெருதான்.

மகள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா எங்க, ஸ்பூனும் கையுமா? யார் வீட்டுல விருந்து?"

அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

திரும்பி வந்தவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"சரியாம்" என்றார்.

சரி என்றில்லை, சரியாம். யாரோ சொன்னதை எடுத்துச் சொல்லும்போது மட்டும் வார்த்தையின் வாலில் தொற்றிக்கொள்கிற அந்தச் சின்ன ஒலி. இனி அவள் சொல்வதெல்லாம் அதைக் கடந்துதான் அவரிடம் போய்ச் சேரும். டீச்சர் வந்து அவள் இடத்தைக் கொண்டுபோகவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவர் ஸ்பிரேயை எடுத்தார். எஞ்சினை அவள் குச்சியில் செருகிப் பிடித்துக்கொண்டாள். அடிக்கும்போது பிடிப்பது எப்போதும் அவள்தான். மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பச்சை ஏறிக்கொண்டே வந்தது. அழகாக இருந்தது. எப்படி வருகிறது என்று அவர் கேட்கவில்லை.