வந்நு

ஷைலஜா டிவி கேம் வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து அம்மா மறுபடியும் சொன்னாள்.

"அது உனக்கு ஆகாது. ஜிதின் வரட்டும், அவன் தொட்டா ஓடும்."

ஷைலஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காக்கநாட்டு ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, இரண்டு மாதமாக மட்டாஞ்சேரியில் இந்த ஒற்றை அறையில் அம்மாவுக்குக் கழுவி விடுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவள்தான். தம்பி ஜிதின் இடப்பள்ளிக் கடையிலிருந்து சாயங்காலம் வந்து, டிவி கேமைப் போட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டாங்கி சுட்டு விளையாடுவான். அம்மாவுக்குக் கண் மங்கி, டிவியில் என்ன ஓடுகிறதென்றே தெரியாது. கேம் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும். அது எரிந்தால் ஜிதின் வீட்டில் இருக்கிறான் என்று முகம் மலர்ந்துவிடும்.

அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். பத்தாவதில் அவள் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியபோது ஒரு குடை கிடைத்தது. ஜிதின் தட்டுத்தடுமாறிப் பாஸான வருஷம், தொண்ணூற்றி ஆறில், கொச்சங்காடியில் கல்ஃப் சாமான் விற்பவரிடம் இதை வாங்கி வந்தார்கள். ஷைலஜா தொட்டால் கெட்டுப்போகும் என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

நேற்றிலிருந்து பெட்டிக்கு உயிர் வரவில்லை. இன்று காலை ஜிதின் வேலைக்குப் போன பிறகு வந்த டாக்டர், வேண்டியவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னார். தம்பிக்கு போன் பண்ணியாயிற்று. அவன் வருவதற்குள் இதை ஓட வைத்துவிட வேண்டும். ஷைலு பண்ணிட்டாளே என்று அம்மா வாயால் ஒரு தடவை கேட்டால் போதும்.

அடாப்டர் தொட்டால் சூடாகத்தான் இருந்தது. அப்படியானால் அதுவரை கரண்ட் வருகிறது, கோளாறு அதற்கு அப்பால். வயரை நீவிக்கொண்டே போனதில் கட்டில் கால் ஏறி நசுங்கிய இடம் விரலில் தட்டுப்பட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேதான் பிளேடால் வெட்டியிருந்தாள். இப்போது கோடு போட்ட வயரோடு கோடு போட்டதையும், கோடில்லாததோடு கோடில்லாததையும் சேர்த்து முறுக்கினாள். மாறினால் பெட்டி எரிந்து போகும். டேப்பைச் சுற்றி, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினாள்.

விளக்கு எரிந்தது.

"அம்மா, வந்நு," என்றாள்.

கரண்ட் வந்தால் அந்தத் தெருவே அப்படித்தான் சொல்லும். தமிழில் வந்துச்சு என்றிருந்தால் குழப்பமில்லை. மலையாளத்து வந்நுவில் அவன், அவள், அது என்ற பேதமெல்லாம் கிடையாது.

அம்மா விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வந்தியா மோனே," என்றாள், மகனே வந்துவிட்டான் என்று. இந்த இரண்டு மாதத்தில் ஷைலஜா பார்க்காத சிரிப்பு. கை நீண்டு தேடியது.

நான்தாம்மா, ஷைலு, நான்தான் சரி பண்ணினேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கை இன்னும் தேடிக்கொண்டிருந்தது. அவள் வளையல்கள் தட்டுப்படாதபடி முழங்கை வரை தள்ளிவிட்டுக்கொண்டு, தன் கையைக் கொடுத்தாள். அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தடவுவது நின்றது.

ஜிதின் வந்தபோது பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி அம்மாவின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் முட்டிக்கொண்டு அழுதான். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். வந்தவர்களெல்லாம் அவனைத்தான் தேற்றினார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன், கொஞ்சம் சாயாவாவது குடிக்கட்டும் என்றார்கள். ஷைலஜாவிடம் டம்ளர் எங்கே என்று கேட்டார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் அவளிடம் வந்தான்.

"அக்கா, அம்மா என்னைக் கேட்டாளா? கடைசியா என்ன சொன்னா?"

ஒரே வார்த்தையில் அவனுக்கு ஆயுசுக்கும் ஆறுதல் கொடுத்திருக்கலாம். எல்லாம் அவனுக்கே போயிற்று, இதுவுமா என்றிருந்தது அவளுக்கு.

"ஒண்ணும் சொல்லலை. என் கையைப் பிடிச்சிட்டே இருந்தா. அவ்வளவுதான்."

"எந்தக் கை?"

அவள் வலது கையைக் காட்டினாள். ஜிதின் அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு தேம்பினான். அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.